ஆல்ட்டர்னேட்டர் மீளமைப்பு (லேண்ட் ரோவர் டிபென்டர்)

ஆல்ட்டர்னேட்டர் மீளமைப்பு என்பது ஊர்தியின் மின்கலத்துக்கு மின்னேற்றம் செய்யும் மின்னாக்கியைக் கழற்றி, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, தேய்ந்தவற்றையும் பழுதானவற்றையும் மாற்றி, மீண்டும் பூட்டும் பணியாகும். சேறு, நீர், தூசி, அதிர்வு ஆகியவற்றுக்கு இடையே ஓடும் நான்கு சக்கர இயக்க ஊர்திகளில் இப்பணி அடிக்கடி தேவைப்படுகிறது. இக்கட்டுரை பிரித்தானிய ஊர்தியான லேண்ட் ரோவர் டிபென்டரின் 200டிடிஐ, 300டிடிஐ டீசல் பொறிகளில் பயன்பட்ட ஏ127 வகை ஆல்ட்டர்னேட்டரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணியை விளக்குகிறது.

மீளமைப்பு என்பது உறுப்பு மாற்றம் மட்டுமன்று. தேய்ந்த தூரிகையும் எரிந்த டையோடும் பெரும்பாலும் வேறொரு குறையின் விளைவுகளே ஆகும். அக்குறை களையப்படாவிட்டால் புதிய உறுப்பும் அதே வழியில் கெடும்.

வரலாறு

1948 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் ஊர்திக் கண்காட்சியில் அறிமுகமான முதல் லேண்ட் ரோவரில் டைனமோ எனப்படும் நேர்மின்னோட்ட மின்னாக்கியே இருந்தது. டைனமோவில் முழு மின்னோட்டமும் சுழலும் திசைமாற்றி வழியாகவும் தூரிகைகள் வழியாகவும் வெளியேற வேண்டும். இதனால் தூரிகைகள் விரைவில் தேய்ந்தன. பொறி குறைந்த வேகத்தில் ஓடும்போது மின்னேற்றம் ஏறத்தாழ நின்றுவிடும். மெதுவாகச் செல்ல வேண்டிய கரடுமுரடான பாதைகளில் இது பெருங்குறையாக இருந்தது.

சிறிய, விலை குறைந்த சிலிக்கான் டையோடுகள் 1950களின் இறுதியில் கிடைக்கத் தொடங்கியதும் ஊர்திகளில் மாறுதிசை மின்னாக்கியைப் பயன்படுத்துவது எளிதாயிற்று. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1960 ஆம் ஆண்டு வேலியன்ட் மகிழுந்தில் ஆல்ட்டர்னேட்டரைப் பொருத்தியது. 1971 இல் வெளிவந்த லேண்ட் ரோவர் தொடர் III ஊர்திகளிலும் ஆல்ட்டர்னேட்டர் இடம்பெற்றது. 1983 இல் வந்த லேண்ட் ரோவர் 110, அடுத்த ஆண்டு வந்த 90 ஆகியவை 1990 இல் டிபென்டர் என்ற பெயரைப் பெற்றன. அவ்வாண்டு 200டிடிஐ பொறியும், 1994 இல் 300டிடிஐ பொறியும் டிபென்டரில் இடம்பெற்றன. இப்பழைய வடிவிலான டிபென்டரின் உற்பத்தி 2016 சனவரியில் முடிவுற்றது.

ஏ127 ஆல்ட்டர்னேட்டரை வடிவமைத்தது பிரித்தானியாவின் லூகாஸ் நிறுவனம். பிற்காலத்தில் இது மேக்னெட்டி மாரெல்லி என்ற பெயருடனும் வெளிவந்தது. இதே லூகாஸ் நிறுவனம் டிவிஎஸ் குழுமத்துடன் இணைந்து 1961 இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் சென்னை பாடியில் ஆலை அமைத்து, இந்திய ஊர்திகளுக்கான ஆல்ட்டர்னேட்டர்களையும் தொடக்கி மோட்டார்களையும் உற்பத்தி செய்து வருகிறது.

அமைப்பும் செயற்பாடும்

ஆல்ட்டர்னேட்டரின் முதன்மை உறுப்புகள் வருமாறு:

- சுழலகம்: பணிமனைகளில் ரோட்டார் எனப்படுவது. ஒரு செப்புக் கம்பிச் சுருளும், அதை இருபுறமும் நகங்கள் போலச் சூழ்ந்துள்ள இரும்பு முனைகளும் கொண்டது. சுருளில் மின்னோட்டம் பாயும்போது இம்முனைகள் மாறிமாறி வட, தென் காந்தமுனைகளாகின்றன.
- நிலையகம்: ஸ்டேட்டார் எனப்படுவது. மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த வளையத்தில் மூன்று கட்டச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும்.
- நழுவு வளையங்கள்: சுழலகத் தண்டின் பின்முனையில் உள்ள இரு செப்பு வளையங்கள். இவற்றின் மீது இரு கார்பன் தூரிகைகள் அழுந்தி நின்று சுருளுக்கு மின்னோட்டம் தருகின்றன.
- டையோடு தொகுதி: மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசை மின்னோட்டமாக மாற்றுவது. ஏ127 வகையில் முதன்மை டையோடுகள் ஆறும், சுழலகச் சுருளுக்கு மின்னோட்டம் தரும் சிறு டையோடுகள் மூன்றும் உள்ளன.
- மின்னழுத்த ஒழுங்காக்கி: ரெகுலேட்டர் எனப்படும் மின்னணு உறுப்பு. ஏ127 வகையில் இது தூரிகைப் பெட்டியுடன் சேர்ந்தே உள்ளது.
- பேரிங்குகள்: தண்டின் இரு முனைகளையும் தாங்குபவை.

பொறியின் பட்டை சுழலகத்தைச் சுழற்றும்போது அதன் காந்தப்புலம் நிலையகச் சுருள்களை வெட்டிச் செல்வதால் அவற்றில் மாறுதிசை மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 12 காந்தமுனைகள் கொண்ட சுழலகம் நிமிடத்துக்கு 6000 முறை சுழன்றால் ஒவ்வொரு கட்டத்திலும் 600 ஏர்ட்சு அதிர்வெண் கிடைக்கும். முழு வெளியீடும் அசையாத நிலையகத்திலிருந்து பெறப்படுவதால் தூரிகைகள் சுமப்பது சுழலகச் சுருளின் சில ஆம்பியர் மின்னோட்டத்தை மட்டுமே. டைனமோவைவிட ஆல்ட்டர்னேட்டர் நீண்டகாலம் உழைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

வெளியீடு ஏறத்தாழ 14 வோல்ட்டைத் தாண்டும்போது ஒழுங்காக்கி சுருளின் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது; குறையும்போது மீண்டும் இணைக்கிறது. இது நொடிக்குப் பலமுறை நிகழ்கிறது.

பொறியை இயக்கும் தொடக்கத்தில் சுருளில் போதிய காந்தப்புலம் இராது. அப்போது தேவைப்படும் சிறு மின்னோட்டம் முகப்புப் பலகையில் உள்ள எச்சரிக்கை விளக்கின் வழியாக வருகிறது. ஆகவே இவ்விளக்கு எரிந்துபோனால், ஆல்ட்டர்னேட்டர் நல்ல நிலையில் இருந்தும் மின்னேற்றம் தொடங்காமல் போகலாம்.

சாலைக்கு வெளியே ஏற்படும் பாதிப்புகள்

ஏ127 ஆல்ட்டர்னேட்டர் காற்றால் குளிர்விக்கப்படுவது. கப்பியின் பின்னுள்ள விசிறி, உறையின் துளைகள் வழியே காற்றை இழுக்கிறது. அத்துளைகள் வழியாகவே சேறும் நீரும் உள்ளே புகுகின்றன.

சேற்று நீரில் உள்ள நுண்மணல் தூரிகைகளையும் நழுவு வளையங்களையும் அரைக்கிறது. உலர்ந்த களிமண் தூரிகையை அதன் பெட்டிக்குள் இறுகச் செய்கிறது. அப்போது வில் அழுத்தினாலும் தூரிகை வளையத்தைத் தொடாது. துளைகளில் படியும் மண் காற்றோட்டத்தைத் தடுப்பதால் டையோடுகளும் சுருள்களின் காப்புப் பூச்சும் வெப்பத்தால் கெடுகின்றன. நீர் பேரிங்கினுள் புகுந்தால் அதன் மசகு கெட்டுத் துருப்பிடிக்கிறது. பட்டையில் சேறு படிந்தால் அது வழுக்கி, மின்னேற்றம் குறைகிறது.

டிபென்டருக்கு உற்பத்தியாளர் குறித்த நீர்கடக்கும் ஆழம் 0.5 மீட்டர் ஆகும். இந்த அளவுக்குள் சென்றாலும் பொறியின் விசிறி நீரை வாரி இறைப்பதால் ஆல்ட்டர்னேட்டர் நனையக்கூடும்.

இழுபொறி எனப்படும் வின்ச் மற்றொரு சுமையாகும். ஒரு மின் இழுபொறி 300 ஆம்பியர் மின்னோட்டத்தை இரண்டு நிமிடம் எடுத்தால் 10 ஆம்பியர்-மணி செலவாகிறது. 65 ஆம்பியர் ஆல்ட்டர்னேட்டரால் இதை உடனுக்குடன் தர இயலாது. பெரும்பகுதி மின்கலத்திலிருந்தே வருகிறது. பிறகு 40 ஆம்பியர் வீதம் மின்னேற்றினாலும் இழந்ததை ஈடுசெய்ய 15 நிமிடங்களுக்கு மேல் ஆகும். அந்நேரத்தில் ஊர்தி நின்ற இடத்திலேயே இருந்தால், விசிறி மெதுவாகச் சுழல ஆல்ட்டர்னேட்டர் தன்னால் இயன்ற முழுச் சுமையில் உழைக்கிறது. டையோடுகள் மிகுதியாகச் சூடாவது இத்தகைய வேளைகளில்தான்.

கழற்றும் முன் பழுதைக் கண்டறிதல்

ஆல்ட்டர்னேட்டரைக் கழற்றும் முன் குறை அதில்தான் உள்ளது என்பதை உறுதிசெய்தல் வேண்டும். இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும்.

1. பொறி நின்றிருக்கும்போது முழுமையாக மின்னேறிய 12 வோல்ட் மின்கலத்தில் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்க வேண்டும். பொறி மிதமான வேகத்தில் ஓடும்போது இது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை உயர வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் ஒழுங்காக்கி பழுது எனலாம்.
2. விளக்குகளை எரியவிட்டு, ஆல்ட்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் மின்கலத்தின் நேர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வடத்திலோ இணைப்பிலோ குறை உள்ளது.
3. அதேபோல ஆல்ட்டர்னேட்டர் உறைக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். கால் வோல்ட்டுக்கு மேல் இருந்தால் புவி இணைப்புப் பட்டை அரித்திருக்கலாம்.
4. பொறி ஓடும்போது மின்கலத்தில் மாறுதிசை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஏதேனும் ஒரு டையோடு கெட்டிருக்க வாய்ப்புண்டு.
5. சாவியை அணைத்த பின்னும் எச்சரிக்கை விளக்கு மங்கலாக எரிந்தால் நேர்ப்பக்க டையோடு ஒன்று குறுக்கிணைந்திருக்கலாம். அதன் வழியே சுழலகச் சுருளுக்கு மின்னோட்டம் கசிந்து, ஓரிரவில் மின்கலம் வடிந்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது சோதனைகளைத் தவிர்ப்பதே வீண்செலவுக்குப் பெருங்காரணமாகும். அரித்த இணைப்பு ஒன்றைச் சுத்தம் செய்வதால் தீரும் குறைக்காக நல்ல ஆல்ட்டர்னேட்டர் கழற்றப்படுவது உண்டு.

பொறி ஓடும்போது மின்கல இணைப்பைக் கழற்றிச் சோதிக்கும் பழைய முறை தீங்கானது. டைனமோ காலத்தில் தோன்றிய இவ்வழக்கத்தை ஆல்ட்டர்னேட்டரில் பின்பற்றினால் மின்னழுத்தம் திடீரெனப் பல பத்து வோல்ட் உயர்ந்து, டையோடுகளையும் ஒழுங்காக்கியையும் பிற மின்னணு உறுப்புகளையும் எரித்துவிடும்.

கழற்றுதல்

முதலில் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பை நீக்க வேண்டும். ஆல்ட்டர்னேட்டரின் வெளியீட்டு வடம் மின்கலத்துடன் நேரடியாக இணைந்திருப்பதால், இதைச் செய்யாமல் திருகுச்சாவியை வைத்தால் பெரும் மின்பொறி எழும். பின்னர் வடங்களுக்கு அடையாளமிட்டுக் கழற்ற வேண்டும். பி+ என்பது வெளியீட்டு முனை. டி+ எச்சரிக்கை விளக்கின் முனை. டபிள்யூ என்பது டீசல் ஊர்திகளில் பொறிவேகமானிக்குச் செல்லும் முனை.

பட்டையைத் தளர்த்தி ஆல்ட்டர்னேட்டரை வெளியே எடுத்தபின், முன் உறை, நிலையகம், பின் உறை மூன்றின் குறுக்கே ஒரு கோடு கீற வேண்டும். இக்கோடு பூட்டும்போது உறைகளை முன்பிருந்த கோணத்தில் பொருத்த உதவும். இல்லையெனில் பொருத்துகாதுகள் தாங்கியுடன் பொருந்தா.

உறைகளைப் பிரிக்கும் முன் ஒழுங்காக்கியையும் தூரிகைப் பெட்டியையும் நீக்குவது இன்றியமையாதது. அவ்வாறு செய்யாவிடில் சுழலகத்தை இழுக்கும்போது தூரிகைகள் ஒடியும். அடுத்து, கப்பியின் மரையாணியைக் கழற்றி, கப்பி, விசிறி, அவற்றுக்கு இடையிலுள்ள வளையங்கள் ஆகியவற்றை வரிசை மாறாமல் வைக்க வேண்டும். நீண்ட திருகாணிகளை நீக்கியபின் உறைகள் பிரியும். நிலையகச் சுருள்களின் முனைகள் டையோடு தொகுதியுடன் ஈயப்பற்றால் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சூடேற்றிப் பிரிக்கும்போது டையோட்டுக்கும் பற்றுக்கும் இடையே கம்பியைக் குறட்டால் பிடித்துக்கொண்டால், மிகுவெப்பம் குறட்டில் இறங்கி டையோடு காக்கப்படும்.

உறுப்புகளைச் சோதித்தல்

தூரிகைகள்: ஏ127 வகையில் புதிய தூரிகையின் நீளம் 17 மில்லிமீட்டர். பெட்டிக்கு வெளியே நீட்டியிருக்கும் பகுதி 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். நீளம் போதுமானதாக இருந்தாலும், விரலால் அழுத்தி விட்டால் தூரிகை தடையின்றித் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நழுவு வளையங்கள்: கறுத்திருந்தால் நுண்ணிய கண்ணாடித்தாளால் துடைக்கலாம். உப்புத்தாள் வகைகளில் எமரித் தாளைப் பயன்படுத்தக் கூடாது. அதன் துகள்கள் செம்பில் பதிந்து தூரிகையை அரிக்கும். ஆழ்ந்த பள்ளம் விழுந்திருந்தால் கடைசல் பொறியில் மெல்லச் சீவலாம், அல்லது வளையங்களையே மாற்றலாம்.

சுழலகம்: இரு வளையங்களுக்கும் இடையிலான மின்தடை, 12 வோல்ட் ஆல்ட்டர்னேட்டர்களில் பொதுவாக 2 முதல் 5 ஓம் வரை இருக்கும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துள்ளது. மிகக் குறைவாக இருந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று குறுக்கிணைந்துள்ளன. இந்நிலை ஒழுங்காக்கியையும் எரிக்கும். வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே தொடர்பு எதுவும் இருத்தலாகாது.

நிலையகம்: கட்டங்களுக்கு இடையிலான மின்தடை ஓர் ஓமிற்கும் குறைவு. ஆகவே சாதாரண மல்டிமீட்டரால் சுற்றுக் குறுக்கிணைப்பைக் கண்டறிய இயலாது. இங்குக் கண்ணே சிறந்த கருவி. மூன்று கட்டங்களும் ஒரே நிறத்தில் இருந்தால் நன்று. ஒரு கட்டம் மட்டும் கருகியிருந்தால் அக்கட்டத்தின் சுருளிலோ டையோடுகளிலோ குறை உண்டு. மூன்றும் கருகியிருந்தால் மிகுசுமை அல்லது காற்றோட்டத் தடை காரணமாகலாம். சுருள்களுக்கும் இரும்பு வளையத்துக்கும் இடையே தொடர்பு இருத்தலாகாது.

டையோடுகள்: மல்டிமீட்டரின் டையோடு நிலையில் ஒவ்வொன்றும் ஒரு திசையில் ஏறத்தாழ 0.5 வோல்ட் காட்டி, மறுதிசையில் தடை காட்ட வேண்டும். இரு திசைகளிலும் ஒரே அளவு காட்டுவது பழுதானது.

பேரிங்குகள்: விரலால் சுழற்றும்போது கரகரப்போ ஆட்டமோ தெரிந்தால் மாற்ற வேண்டும். மீளமைப்பில் பேரிங்குகளை எப்படியும் மாற்றிவிடுவது நல்ல வழக்கம். எண் அவற்றின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 6303 என்பது 17 மி.மீ. உட்துளையும் 47 மி.மீ. வெளிவிட்டமும் 14 மி.மீ. அகலமும் உடையது. எண்ணை அடுத்து வரும் 2ஆர்எஸ் என்ற குறி இருபுறமும் இரப்பர் மூடி உடையதைக் குறிக்கும். சேற்றில் ஓடும் ஊர்திக்கு இவ்வகையே ஏற்றது.

பூட்டுதல்

உறைகளை மண்ணெண்ணெயாலோ தகுந்த துப்புரவு நீர்மத்தாலோ கழுவி உலர்த்தலாம். சுருள்களை அவ்வாறு ஊறவைக்கக் கூடாது. காப்புப் பூச்சு கரையும். அவற்றை உலர்ந்த காற்றாலும் மென்தூரிகையாலும் சுத்தம் செய்வது போதும்.

புதிய பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது அதன் உள்வளையத்தின் மீதும், உறையில் ஏற்றும்போது வெளிவளையத்தின் மீதும் மட்டுமே அழுத்தம் தர வேண்டும். மாறாக அழுத்தினால் விசை குண்டுகள் வழியே சென்று அவற்றின் பாதையில் தழும்பை உண்டாக்கும். புதிய பேரிங் சில வாரங்களில் ஓசையிடுவதற்கு இதுவே வழமையான காரணம்.

நிலையக முனைகளை மீண்டும் பற்றவைத்து, கம்பிகள் சுழலகத்தின் மீது உரசாதவாறு ஒதுக்கி அமைக்க வேண்டும். டையோடு தொகுதி உறையைத் தொடும் பரப்புகள் தூய்மையாக இருக்க வேண்டும். அவ்வழியேதான் வெப்பம் வெளியேறுகிறது. கீறிய கோட்டை நேராக்கி, திருகாணிகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். உரசல் இல்லையெனில் இறுதியாகத் தூரிகைப் பெட்டியைப் பொருத்தலாம்.

இறுதிச் சோதனை

ஊர்தியில் பொருத்தும் முன் மின்கலத்தை வெளி மின்னேற்றியால் முழுமையாக நிரப்ப வேண்டும். முற்றிலும் வடிந்த மின்கலத்தை ஆல்ட்டர்னேட்டரைக் கொண்டே நிரப்ப முயன்றால், புதிதாக மீளமைத்தது முதல் மணிநேரத்திலேயே மிகையாகச் சூடாகும்.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பொறி இயங்கியதும் அணைய வேண்டும். பின் விளக்குகளையும் காற்றூதியையும் இயக்கி, மின்கலத்தில் 13.5 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்கிறதா என்று காண வேண்டும். சில நாள் ஓட்டத்துக்குப் பின் பட்டையின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

மீளமைப்பும் புதிய ஆல்ட்டர்னேட்டரும்

தூரிகை, பேரிங், ஒழுங்காக்கி ஆகியவை மட்டுமே கெட்டிருந்தால் மீளமைப்பு சிக்கனமானது. டையோடு தொகுதியும் சேர்ந்தால் செலவு கூடும். நிலையகமோ சுழலகமோ எரிந்திருந்தால் வேறோர் ஆல்ட்டர்னேட்டர் வாங்குவதே பெரும்பாலும் மலிவு. பேரிங் தளர்ந்து சுழலகம் நிலையகத்தில் உரசியிருந்தாலும் உறையில் விரிசல் கண்டிருந்தாலும் அதை மீளமைப்பதில் பயனில்லை.

பிற ஊர்திகள்

எல்லா ஊர்திகளுக்கும் மேற்கண்ட முறை அப்படியே பொருந்தாது. சில டொயோட்டா லேண்ட் குரூசர் டீசல் ஊர்திகளில் தடைக்கருவிக்கு உதவும் வெற்றிட எக்கி ஆல்ட்டர்னேட்டரின் பின்புறத்திலேயே உள்ளது. அவற்றில் எண்ணெய் முத்திரையையும் எக்கியின் இதழ்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இவ்வகையில் ஆல்ட்டர்னேட்டரின் பட்டை அறுந்தால் தடைக்கருவியின் உதவி விசையும் இல்லாமற்போகும்.

வானொலிக் கருவிகளுடன் அமைந்த படைத்துறை லேண்ட் ரோவர்கள் 24 வோல்ட் அமைப்பு உடையவை. அவற்றின் அளவுகள் வேறு. நான்கு சக்கரச் சிறு ஊர்திகளிலும் இருசக்கர ஊர்திகளிலும் பொதுவாக நிலைகாந்தச் சுழலகம் பயன்படுவதால் தூரிகைகளே இல்லை. அங்கு மீளமைப்பு என்பது பெரும்பாலும் நிலையகச் சுருளை மீண்டும் சுற்றுவதாகும்.

வழியில் பழுதானால்

தொலைவான இடத்தில் மின்னேற்றம் நின்றால் என்ன செய்வது என்பது பொறியைப் பொறுத்தது. பொறிமுறை எரிபொருள் எக்கி கொண்ட 200டிடிஐ, 300டிடிஐ பொறிகள் ஓடுவதற்கு, எரிபொருளைத் திறந்துவைக்கும் மின்காந்த அடைப்பானுக்கான சிறு மின்னோட்டம் போதும். விளக்குகளையும் காற்றூதியையும் அணைத்துவிட்டு, பொறியை நிறுத்தாமல் பகலில் ஓட்டினால், நல்ல மின்கலத்துடன் நெடுந்தொலைவு செல்லலாம். ஆனால் 1998 இல் வந்த டிடி5 பொறியில் எரிபொருள் செலுத்துதல் முழுவதும் மின்னணு முறையிலானது. மின்கலம் வடிந்தால் அப்பொறி நின்றுவிடும். பழுதுக்குக் காரணம் பட்டை அறுந்ததாயின் நீர் எக்கியும் அதே பட்டையால் இயங்குகிறதா என்று பார்க்காமல் ஓட்டலாகாது. இயங்குமாயின் பொறி விரைவில் மிகைவெப்பமடையும்.

நெடும்பயணம் செல்வோர் ஒழுங்காக்கியுடன் கூடிய தூரிகைப் பெட்டி ஒன்றையும் மாற்றுப் பட்டை ஒன்றையும் உடன் கொண்டு செல்வது நலம். ஏ127 வகையில் தூரிகைப் பெட்டியை உறைகளைப் பிரிக்காமலே பின்புறமிருந்து மாற்றலாம். சேற்று நீரைக் கடந்தபின், பொறி ஆறியதும், அழுத்தம் குறைந்த நன்னீரால் ஆல்ட்டர்னேட்டரின் துளைகளைக் கழுவி உலரவிடுவது அடுத்த மீளமைப்பைத் தள்ளிப்போடும் எளிய வழியாகும்.

இவற்றையும் பார்க்க

- டைனமோ
- டையோடு
- ஈய-அமில மின்கலம்
- மின்காந்தத் தூண்டல்
- நான்கு சக்கர இயக்கம்